புறா தேடி வந்தவரின் செய்தி

அட்மின் பட்டியலிலிருந்து என் பெயரை நேற்று நானே எடுத்துவிட்டேன். ஆறு வருடம் ஒரே இடத்தில் இருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் ஈரத்தோல் சுமந்தேன். லாரியில் கிளீனராக ஆந்திரா, கர்நாடகா எல்லாம் சுற்றினேன். பெங்களூரில் ஓட்டல் மேசை துடைத்தேன், வாணியம்பாடியில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. கடைசியில் வேலூரில், வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் முன்மேசைக்கு வந்து சேர்ந்தேன். சாவி கொடுக்க வேண்டும், சாவி வாங்க வேண்டும். நடுவில் நேரம் நிறைய இருந்தது, கையில் போன் இருந்தது. அப்படித்தான் ஊர்ச் செய்தி பகிரும் நம் போன் குழுவுக்குள் வந்தேன்.

இப்போது பொறுப்பு எடுத்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் படித்தவர்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று நான் ஒரு நல்ல விதியைச் சரியாகப் பின்பற்றினேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் அதனால் ஒரு மனிதர் செத்துப்போயிருப்பார்.

அப்போதும் நம் குழுவில் இதே மூன்று அறைகள்தான். செய்தி அறை, போன்-வண்டி அறை, பொழுதுபோக்கு அறை. தண்ணீர் எப்போது வரும், மேம்பால வேலை எங்கே நிற்கிறது என்பது முதல் அறை. எந்தப் போனில் பேட்டரி நிற்கும், மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதில் புறா, மீன்தொட்டி, மாடித்தோட்டம், ஏரியில் தூண்டில். ஒரு காலத்தில் எல்லாம் கலந்து கிடந்தது. குழாயில் நான்கு நாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு நாற்பது புறாப் படங்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, பாதித் தெருக்காரர்கள் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் கறாரானேன். அறை மாறிப் போட்டால் எடுத்துவிடுவேன். எனக்கு "செக்போஸ்ட்" என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் சந்தோஷம். எந்த வேலையிலும் யாரும் என்னை ஒழுங்கானவன் என்று சொன்னதில்லை.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள். காலையில் கேட்டிலேயே போனை வாங்கி மரப்பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்தால்தான் கைக்கு வரும். ஒன்றரைக்கு மறுபடி பெட்டிக்குள். அதனால் நம் குழு நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. ஒரு மணிக்கு ஏரிக்கரை உடைந்த மாதிரி வரும், ஒன்றரைக்கு வற்றிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த நாள் காலை எட்டு மணிக்குச் செய்தி அறையில் ஒரு பதிவு வந்தது. கையில் புறாவைப் பிடித்தபடி ஒருவர் நிற்கும் படம். கீழே நான்கைந்து வரி. முதல் வரியில் "என்னுடைய புறா" என்று இருந்தது. எனக்கு அது போதும். எடுத்தேன். எழுதியவருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பினேன். அடுத்து வந்த பெங்களூர்க்காரருக்கு இரண்டாம் மாடி சாவி கொடுத்தேன்.

அதே செய்தி அறையில் இரண்டு நாளாக ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அழுகிற மாதிரிப் பேசுவாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் உஷாராக இருங்கள் என்பாள். எந்த ஊர் என்று சொல்லமாட்டாள், எந்த நாள் என்றும் சொல்லமாட்டாள். அதை நான் தொடவில்லை. அது சரியான அறையில்தானே இருக்கிறது! புறாவை விரட்டிவிட்டு இதை உட்கார வைத்திருந்தேன். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

பன்னிரண்டரை மணி சுமாருக்கு ஒரு படம் வந்தது. ஆம்பூரில் ஒரு ஆரம்பப் பள்ளியின் பின்புறத் தெரு. நீலச் சட்டைக்காரர் ஒருவர், முகம் மேலே தூக்கியிருக்கிறது, இரண்டு விரல் வாயில். கீழே எழுதியிருந்தது: "ஸ்கூல் பின்னாடி மூணு ரவுண்டு வந்துட்டான். மாடி மாடியா பாக்குறான். விசில் அடிச்சு யாருக்கோ சிக்னல் குடுக்குறான். வெளியூர் ஆளு. உஷார்."

இரண்டே நிமிடத்தில் அதை எடுத்துவிட்டேன். அது தப்பான பதிவு என்று எனக்குத் தெரிந்தது. நானே வெளியூர் ஆளாகப் பல ஊர்களில் நின்றவன். ஒரு தடவை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தபோது, பையைத் திருடியவன் என்று என்னை நான்கு பேர் மிதித்தார்கள். பை கிடைத்த பிறகு ஒருவர் பன் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன், பசி. அதனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் கை தானாகப் போனது. எடுத்த பிறகு, என் வேலையை முடித்துவிட்டேன் என்று டீ குடிக்கப் போனேன்.

ஒன்று ஐந்துக்கு ரெஜினா போன் செய்தாள். ரெஜினா ஷூ கம்பெனியில் செக்கர். ஜோடி சேர்ந்து வரும் ஷூவில் தையல் பிசகு இருந்தால் ஒதுக்கி வைப்பது அவள் வேலை. குழுவில் எனக்கு அடுத்த அட்மின். என்னைவிட இருபது வயது சின்னவள். ஆனால் இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் திட்டித் தெரிந்துகொண்டதுதான்.

"ண்ணா, அந்த ஸ்கூல் போட்டோவை எடுத்தது நீங்களா?"

"ஆமாம்மா. ரெண்டே நிமிஷம்."

"எடுத்துட்டு இன்னா எழுதினீங்க?"

"இன்னா எழுதணும்? ஒண்ணும் எழுதல."

"அதான் பேஜாரு. இங்க கேன்டீன்ல எல்லார் போன்லயும் அது கீது. ரெண்டு நிமிஷத்துல எவனோ படம் புடிச்சு வெச்சுக்கினு அனுப்பிட்டான். அட்மினே எடுத்துட்டாரு, போலீஸ் சொல்லித்தான் எடுத்திருப்பாரு, அப்ப நெஜம்தான்னு பேசிக்கிறாங்க. கேக்குதா?"

கேட்டது. அவளுக்குப் பின்னால் தட்டுச் சத்தம், அதற்கு மேல் பெண்களின் குரல். ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்: "என் புள்ள மூணாங் கிளாஸ்ங்க! கேட்பாஸ் குடுக்கச் சொல்லுங்க சூப்பர்வைசர!" இன்னொருத்தி போனில் யாரையோ விரட்டினாள்: "நீ இன்னா வூட்ல குந்திக்கினு கீற? போய்ப் பாருய்யா!"

அந்தக் கேன்டீனில் சாப்பிடுகிறவர்களில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அவர்களால் வெளியே வர முடியாது. அவர்கள் போனில் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் வெளியே ஒரு ஆண் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

ரெஜினாவை லைனிலேயே நிறுத்திவைத்து, அஸ்லமுக்குப் போன் அடித்தேன். அந்தத் தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். லாரிக் காலத்திலிருந்தே எனக்குத் தோஸ்த். அவன் ஏற்கனவே கடையை விட்டு இறங்கியிருந்தான்.

"அம்பது பேர் இருப்பாங்க தோஸ்த். ஆளைக் கரண்ட் கம்பத்தோட சாச்சு நிறுத்தி வெச்சிருக்காங்க. போனைப் புடுங்கிட்டாங்க. ரெண்டு மூணு அடி விழுந்துடுச்சு. வாயில ரத்தம்."

"போலீஸ்?"

"சொல்லியாச்சு. வர்றாங்க. வர்ற வரைக்கும்? கூட்டம் ஜாஸ்தியாகுது, கம்மியாவல."

"அந்த ஆள் இன்னா சொல்றாரு?"

"இன்னா சொல்றது, சொல்ல வுட்டாத்தானே!"

நான் வேலூரில். பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் இருந்தது போன் ஒன்றுதான். அதில் நான் தட்ட ஆரம்பித்தேன்: "இது வதந்தி. யாரும் நம்ப வேண்டாம்." அனுப்புவதற்கு முன் ரெஜினாவிடம் சொன்னேன். இணைப்பை அவள் துண்டிக்கவில்லை.

"வதந்தின்னு போடாதீங்கண்ணா. போட்டா எதிர்த்துக்கினு வருவாங்க. நீ பாத்தியா, உனக்கு இன்னா தெரியும்னு கேப்பாங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?"

உண்மைதான். எனக்கு ஒன்றும் தெரியாது.

"அந்த ஆளு யாருன்னு போடுங்க. பேரு, ஊரு. பேரு தெரிஞ்ச ஆளு மேல கை அவ்ளோ சீக்கிரம் ஓங்காது."

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்?"

"காலையில இருந்து இன்னா இன்னா எடுத்தீங்க? அதைப் பாருங்க முதல்ல."

எதற்காக அப்படிக் கேட்டாள் என்று பிறகு ஒரு நாள் விசாரித்தேன். "லைன்ல பிசகு வந்தா, நான் ஒதுக்கினதைத்தான் முதல்ல கிளறிப் பாப்பேன். நல்ல ஜோடிய ஒதுக்கிட்டு கெட்டதை அனுப்பியிருப்பேன்" என்றாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாம் எடுக்கிற பதிவுகள் அட்மின்களுக்கு மட்டும் இரண்டு நாள் தெரியும் அல்லவா, அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஆறு பதிவு. நான்காவதில் நீலச் சட்டை. கையில் புறா. இந்த முறை முழுவதையும் படித்தேன்.

"என்னுடைய புறா முந்தாநாள் பறக்க விட்டதில் திரும்பவில்லை. சாம்பல் நிறம், காலில் சிவப்பு வளையம். ஆம்பூர் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். இன்று நான் ஆம்பூர் வருகிறேன். தெருத் தெருவாக மாடியைப் பார்த்துக்கொண்டு விசில் அடித்து வருவேன். நீலச் சட்டை போட்டிருப்பேன். ஊரில் பிள்ளை பிடிக்கிறவர் பேச்சு இருப்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஏழுமலை, கணியம்பாடி."

அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். பொழுதுபோக்கு அறையில் போடாமல் செய்தி அறையில் போட்டதற்குக்கூட அவரிடம் காரணம் இருந்தது. புறாக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மணி ஒன்று பதினைந்து. ஒன்றரைக்குப் போன்கள் பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு நான் நூறு தடவை எழுதினாலும் அந்தப் பெண்கள் பார்க்கப் போவதில்லை. வீட்டுக்காரர்களிடம் அவர்கள் கடைசியாகச் சொன்ன சொல்லே வெளியே நிற்கும்.

ஏழுமலையின் பதிவைப் படத்தோடு மூன்று அறையிலும் போட்டேன். மேலே, "இவர் கணியம்பாடி ஏழுமலை. புறா தேடி வந்திருக்கிறார். காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தார்" என்று எழுதினேன். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. "காலையிலேயே சொன்னாரா? செய்தி ரூம்ல இப்படி ஒண்ணு நாங்க பாக்கலையே." அடுத்தது: "ஆளைக் காப்பாத்த இப்போ ரெடி பண்ணது." அதற்கடுத்தது: "அட்மினுக்கு இன்னா சம்பந்தம்? விசாரிக்கணும்."

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். எவ்வளவு நேரம் என்றால், லாட்ஜ் மேசைக்கு முன்னால் ஒருவர் சாவியை வைத்துவிட்டுப் படியிறங்குகிற நேரம். "நான்தான் எடுத்தேன்" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. செக்போஸ்ட் என்று பெயர் வாங்கியவன். இது வெளியே தெரிந்தால் குழுவில் என் மூஞ்சியைக் காட்ட முடியாது என்று நினைத்தேன். ஒரு மனிதர் கம்பத்தில் சாய்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்தேன். அப்படியும் ஒரு நினைப்பு வரும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். நாளைக்கு உங்களுக்கும் வரும்.

பிறகு அந்தப் பட்டியலையே படம் பிடித்துப் போட்டேன். பதிவு வந்த நேரம், எடுக்கப்பட்ட நேரம், எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர், எல்லாம் அதில் இருந்தது. கீழே, "எடுத்தது நான். முதல் வரியைத்தான் படித்தேன். தப்பு என்னுடையது, அவருடையது இல்லை" என்று எழுதினேன். இதில் நல்ல மனசு ஒன்றும் இல்லை. என் தப்பைக் காட்டாமல் அவருடைய உண்மையைக் காட்ட வழி இல்லை, அவ்வளவுதான்.

"இது போதும்" என்றாள் ரெஜினா. பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. அதன் மேல் ஏறி நின்றிருக்கிறாள். "ஏம்மா! எல்லாரும் வாயை மூடுங்க ஒரு நிமிஷம்! இதைக் கேளுங்க!" ஏழுமலையின் பதிவை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை கத்திப் படித்தாள். "யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்" என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அட்மின் அண்ணன் படிக்காம எடுத்துட்டாரு. அந்த ஆளை அங்க அடிக்கிறாங்க. உங்க வூட்டுக்காரங்கதான் அடிக்கிறாங்க. பெல்லுக்கு ஆறு நிமிஷம் கீது. போன் போடுங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் அஸ்லமின் போன் வழியாகக் கேட்டேன். அவன் திரையைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்குள் நுழைந்து, "பாருங்க பாய், பாருங்க சார், புறாக்காரரு" என்று சொல்லிக்கொண்டே போனான். யாரும் பார்க்கவில்லை. கையில் கட்டை வைத்திருந்த ஒருவன், "நீயும் அவன் ஆளாடா?" என்றான். அப்போது எங்கேயோ ஒரு போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. இன்னொரு பக்கம் இன்னொன்று. ஒரு சினிமாப் பாட்டு, ஒரு பக்திப் பாட்டு, வெறும் மணிச்சத்தம் என்று அந்தத் தெரு முழுக்கப் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. கட்டைக்காரன் எரிச்சலோடு எடுத்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் அஸ்லமுக்கே கேட்டதாம்.

"யோவ், எங்க கீற?"

"இங்கதாண்டி, ஸ்கூலாண்ட. புடிச்சுட்டோம்."

"கைய எடுய்யா! அந்தாளு புறா தேடினு வந்தவரு. காலையிலயே எழுதி வெச்சுட்டு வந்தாராம்! கைய எடுத்தியா இல்லியா?"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

"எல்லாம் வூட்டம்மா போன் தோஸ்த்" என்று அஸ்லம் பிறகு சொல்லிச் சிரித்தான். போலீஸ் வந்தபோது ஏழுமலை அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்பல் ஒன்று போயிருந்தது. அடித்தவர்களில் ஒருவரே சோடா உடைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வரை ஆம்பூரிலுள்ள சாம்பல் புறாக்கள் எல்லாம் படமாக வந்து குவிந்தன, மூன்று அறையிலும். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அவருடைய புறா அதில் இல்லை. அந்தக் குரல் பதிவை மட்டும் எடுத்தேன். ஏன் எடுக்கிறேன் என்று நான்கு வரி எழுதிவிட்டு எடுத்தேன். பள்ளிக்கூடப் படத்தைப் போட்டவரை வெளியே தள்ளச் சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். அவருடைய பெண் அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவருடைய பயம் பொய்யில்லை. தள்ளவில்லை. இரண்டு நாளில் அவரே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடிக்கு டவுன் பஸ் ஏறினேன். ஏழுமலை கட்டட வேலைக்குப் போகிறவர். வீட்டில் படுத்திருந்தார். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். நான் யாரென்று சொன்னேன். "உக்காருங்க" என்றார். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புறாவைப் பற்றித்தான் பேசினார். எவ்வளவு நேரம் வானத்தில் நிற்கும், எந்தக் காற்றில் திசை மாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காலேஜ் படிக்கிற மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். பெயர் சுமதி. ஏழுமலைக்கு எழுதப் படிக்க வராது. அன்று அந்தப் பதிவை எழுதிக் கொடுத்தது அவள்தான். வாசலோரமாக நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எல்லாம் என்னாலதான் அங்கிள். நான்தான் தப்பா போட்டுட்டேன்."

"நீ இன்னாம்மா தப்பா போட்ட?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அந்தக் காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு நான் அனுப்பிய குறிப்பு. "தவறான அறை" என்று இரண்டே சொல். அதைப் பார்த்தபோது அவள் காலேஜ் பஸ்ஸில் இருந்திருக்கிறாள். சாயங்காலம் சரியான அறையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். அந்த இரண்டு சொல்லை நான்கு நாளாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"நீங்களே அழிச்சுடுங்க அங்கிள், அதை" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

வாங்கினேன். அழிக்கவில்லை. என் போனை எடுத்து, அந்தக் குறிப்புக்குக் கீழேயே தட்டினேன். எனக்கு வேகமாகத் தட்ட வராது. "சரியான அறையில்தான் போட்டிருந்தாய். நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. நான் படிக்கவில்லை." அவள் போன் என் மடியிலேயே சத்தமிட்டது. எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். பிறகு, எழுத்துத் தெரியாத அப்பாவுக்காக வாய்விட்டுப் படித்தாள். ஏழுமலை தலையைத் தூக்கினார்.

"இன்னொரு தபா படி. இந்தக் காதுல சரியா வுழல."

சுமதி கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.